இரண்டாம் டிகாஷன்

தெம்பு காபி வந்த மூன்றாவது வருடத்தில் மன்னார்குடியில் யாருக்கும் நெஞ்சு வலிக்கவில்லை. ஆண்களில் யாருக்கும் என்று திருத்திக்கொள்ள வேண்டும். பெண்களுக்கு வழக்கம்போல வலித்துக்கொண்டுதான் இருந்தது. அதை யார் கேட்டார்கள்?

கேட்டது தையல்நாயகிதான். கேட்பதுதான் அவளுக்கு வேலை.

மலையில் எங்கோ ஒரு கம்பெனி, காபிச் செடியின் விதைக்குள் கைவைத்துப் புதுச் செடி ஒன்றை வளர்த்திருந்தது. அதன் கொட்டையை வறுத்து அரைத்த தூளுக்குத் தெம்பு என்று பெயர் வைத்தார்கள். ருசியில் குறை சொல்ல முடியாது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று குடித்தால் அலுப்பு தெரியாது, மூச்சு வாங்காது, நெஞ்சைப் பிடிக்காது. காபி உடம்புக்கு நல்லதா கெட்டதா என்று வாரத்துக்கு ஒரு விதமாக எழுதிவந்த பத்திரிகைகள் ஒருவழியாக நல்லதுதான் என்று முடிவு கட்டின. நாடு முழுவதும் விற்பதற்குமுன் ஓர் ஊரையே குடிக்க வைத்துப் பார்க்கலாம் என்று கம்பெனி நினைத்தது. நாலாயிரம் வீடுகளுக்கு மாதாமாதம் தூள் இலவசம். பதிலுக்கு, வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளர் கேட்கும் இருபத்திரண்டு கேள்விகளுக்குப் பதில் சொன்னால் போதும். காபி சும்மா கிடைக்கிறதென்றால் எங்கள் ஊர்க்காரர்கள் இருநூறு கேள்விக்குக்கூட நின்று பதில் சொல்வார்கள்.

தையல்நாயகிக்கு நாற்பத்தொன்பது வயது. தமிழ் டீச்சராக இருந்த பள்ளியை மூடிவிட்டதால் இந்த வேலைக்கு வந்தவள். ஆங்கிலத்தில் வந்த கேள்வித்தாளைத் தமிழில் எழுதியதும் அவள்தான். ‘ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் காபி?’ என்பது நாலாம் கேள்வி. ‘நெஞ்சுப் பகுதியில் வலியோ இறுக்கமோ உண்டா?’ என்பது ஒன்பதாம் கேள்வி. அந்த ஒன்பதாம் கேள்வியின் வாசகத்தில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி அமைந்துவிட்டது.

அவள் வீடும் அந்த நாலாயிரத்தில் ஒன்று. கணவர் பஞ்சநதம், பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று வருடத்துக்கு முன்னால் ஹரித்ராநதிக் குளத்தை ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து நெஞ்சை நீவிக்கொள்வார். இப்போது உட்காராமல் மூன்று சுற்று. தெருவில் பார்ப்பவர்களையெல்லாம் நிறுத்தி அதைச் சொல்லாமல் விடமாட்டார்.

சென்னையிலிருந்து மேலதிகாரி ஜெயசீலன் ஒருநாள் போனில் அழைத்தார். நல்ல மனிதர், அவளைவிடப் பத்து வயது இளையவர், எப்போதும் மேடம்தான். ஆண்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பேருக்கு வலி நின்றுபோயிருக்கிறது, பெண்களில் பத்துப் பேருக்குக்கூட நிற்கவில்லை, காரணம் தெரியாமல் ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பெண்களின் உடம்பே வேறு மாதிரி என்று அறிக்கையில் எழுதி முடித்துவிடலாமா என்றுகூடப் பேச்சு வந்துவிட்டதாம்.

தையல்நாயகிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“உடம்பு வேற இல்ல சார். டிகாஷன் வேற” என்றாள்.

அவருக்குப் புரியவில்லை. பாவம், மெஷினில் காபி குடித்து வளர்ந்தவர். ஃபில்டரில் முதலில் இறங்கும் கெட்டி டிகாஷன் வீட்டு ஆண்களுக்கும் வந்தவர்களுக்கும் போய்விடும், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் தண்ணி டிகாஷனில்தான் வீட்டுப் பெண்கள் காபி கலந்துகொள்வார்கள் என்று அவள் விளக்கினாள். யாரும் சட்டம் போடவில்லை. கலக்கிற கை தனக்குக் கடைசியில் கலந்துகொள்கிறது, அவ்வளவுதான். ஆக, பெண்கள் குடிப்பது தெம்பு காபியே இல்லை, அதன் கழுநீர்.

“நாலாம் கேள்வியில இதெல்லாம் வரலையே மேடம்?”

“எத்தனை டம்ளர்னுதான் சார் கேட்டோம். எந்த டிகாஷன்னு கேக்கலையே.”

அடுத்த வாரம் கம்பெனியின் பெரிய கூட்டத்தில் அவளைத் திரையில் காட்டி எல்லோரும் கைதட்டினார்கள். நாலு விஞ்ஞானிகளுக்குப் பிடிபடாதது ஒரு தமிழ் டீச்சருக்குப் பிடிபட்டது என்று ஒருவர் சொன்னார். ஒன்றாம் தேதியிலிருந்து தூளின் வீரியத்தை இரண்டு மடங்காக்குவது, இரண்டாம் டிகாஷனிலும் முழுப் பலன் கிடைக்கும்படி செய்வது என்று முடிவாயிற்று. அன்று முழுக்க அவளுக்குத் தரையில் கால் பாவவில்லை. பஞ்சநதம் கடைக்குப் போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கிவந்தார்.

அவளுக்கே ஒரு வகையில் நிம்மதியாக இருந்தது. மாடி வீடுகளுக்குப் படியேறும்போது இடது தோள்பட்டைக்குக் கீழே ஒரு பிடிப்பு பிடிக்கும். பையின் பட்டை அழுத்துகிறது என்று தோளை மாற்றிக்கொள்வாள், கொஞ்சம் நின்றால் விட்டுவிடும். தன் வீட்டுத் தாளில் ஒன்பதாம் கேள்விக்கு நேரே ‘சில சமயம்’ என்று குறித்திருந்தாள். புதுத் தூள் வந்தால் இந்தத் தொல்லையும் போகும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நினைப்பு ஒரு வாரம்தான் நீடித்தது. மேல வீதியில் ராஜாத்தியின் வீட்டுக்குப் போனபோது அது கெட்டது. ராஜாத்தியின் கணவர் மரவாடி வைத்திருந்தவர். மூன்று மாதமாக வீடு பூட்டியிருந்ததால் அவர் பெயருக்கு நேரே பதில் இல்லை. மூன்று மாதம் பதில் வராவிட்டால் பெயரை ‘விலகியவர்’ பட்டியலுக்கு மாற்றிவிட வேண்டும் என்பது விதி. வாசலுக்கு வராதவரைப் பற்றி விசாரிக்கக் கூடாது, காரணம் எழுத இடமும் கிடையாது. அதற்குமுன் ஒருமுறை நேரில் கேட்டுவிடலாமென்று போயிருந்தாள்.

ராஜாத்தி வெறும் நெற்றியோடு வந்து கதவைத் திறந்தாள்.

குளிக்கப் போனவர் வாளிப் பக்கத்திலேயே உட்கார்ந்தபடி போய்விட்டாராம். அன்று காலையில்கூட ஒரு மரத்தடியைத் தனியாளாகப் புரட்டிப் போட்டிருக்கிறார்.

“ஒரு தலைவலின்னு படுத்ததில்லக்கா. எனக்குத்தான் நெஞ்சு வலி. ரெண்டு தடவ ஆஸ்பத்திரியில போட்டாங்க, குழாய் வச்சாங்க, மாத்திரை சாப்புடுறேன். நோயாளி நான் உக்காந்திருக்கேன். கல்லு மாதிரி இருந்த மனுசன் போயிட்டாரு.”

தையல்நாயகி ஆறுதல் சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. வீட்டுக்கு வந்ததும் மூன்று வருடத்துப் பட்டியல்களை எடுத்துவைத்துக்கொண்டாள். அவள் வட்டத்தில் முந்நூறு வீடுகள். விலகிய ஆண்கள் முப்பத்தொரு பேர், விலகிய பெண்கள் மூன்று பேர். காபி பிடிக்காமல் விலகினார்களோ, ஊரைவிட்டுப் போனார்களோ என்று நான்கு நாள் வெயிலில் வீடு வீடாக ஏறிக் கேட்டாள். முப்பத்தொரு பேரில் இருபத்தாறு பேர் போன இடம் ஒன்றுதான். மரவாடிக்காரரைப்போல ஒரு முனகலும் இல்லாமல் போயிருந்தார்கள். ஒருவர் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தபோதே போனாராம். நெஞ்சு வலி இல்லாத ஆண்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு என்ற கணக்கில் இவர்கள் யாருமே இல்லை. செத்தவர்களைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் ஆரோக்கியமாகத்தானே இருப்பார்கள்.

பட்டியலைத் தூக்கிக்கொண்டு டாக்டர் நஸ்ரினிடம் ஓடினாள். நஸ்ரின் அவளிடம் பத்தாம் வகுப்பில் தமிழ் படித்தவர், இப்போது காந்தி ரோட்டில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருக்கிறார். பட்டியலை இரண்டுமுறை படித்தார்.

“டீச்சர், ரத்தக்குழாய் அடைக்கும்போது நெஞ்சு ஒரு சத்தம் குடுக்கும். அதுதான் வலி. இந்தக் காபி அடைப்பை எடுக்கல, சத்தத்தை நிறுத்திடுச்சு. காலிங் பெல் ஒயரை அறுத்துவிட்டுட்டு, நம்ம வீட்டுக்கு யாருமே வர்றதில்லன்னு சந்தோஷப்படுற மாதிரி.”

“அப்போ பொம்பளைங்க?”

“தண்ணி டிகாஷன்ல பெல் பாதி அடிக்குது. அதான் வந்து சேர்றாங்க, பிழைக்கிறாங்க. என்கிட்ட நெஞ்சு வலின்னு வர்றது இப்ப பொம்பளைங்க மட்டும்தான்.”

 தையல்நாயகி புதுத் தூளைப் பற்றிச் சொன்னாள். அந்த யோசனை யாருடையது என்பதையும் மறைக்காமல் சொன்னாள். நஸ்ரின் பட்டியலை மடித்து வைத்தார். பிறகு, காபியை விட்டால் வலி திரும்ப எவ்வளவு நாளாகும் என்பதே தனக்குத் தெரியாது, பத்து நாளோ பதினைந்து நாளோ ஆகலாம், அதுவரை ஆள் காது கேளாதவன் ரோட்டைக் கடக்கிற மாதிரிதான் என்றார். பஞ்சநதம் சாரை உடனே அழைத்து வாருங்கள் என்றும் சொன்னார்.

ஜெயசீலனுக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டார். இறந்தவர்களுக்கெல்லாம் வயது ஐம்பதுக்கு மேல், அந்த வயதில் மரணம் நடக்கக்கூடியதுதான், ஒரு வட்டத்தின் கணக்கை வைத்து எதையும் நிறுத்த முடியாது, ஆனாலும் மேலே அனுப்புகிறேன் என்றார். அவர் பொய் சொல்லவில்லை. “ஆபீஸ்லேர்ந்து கொண்டுபோய்க் குடுத்து, எங்கப்பாவும் மூணு வருஷமா இதைத்தான் மேடம் குடிக்கிறார். சும்மா ஜம்முனு இருக்கார்” என்று அவர் சொன்னபோது, தையல்நாயகி, முதலில் அவரை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள் சார் என்றாள்.

வட்டத்துப் பெண்களிடம் போய்ப் புதுத் தூளைத் தொடாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தாள். ராஜாத்தி உடனே சரி என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். பூக்கட்டும் செண்பகவல்லி மட்டும் சிரிக்கவில்லை.

“கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷம். மொத டிகாஷன் என்ன ருசின்னு எனக்குத் தெரியாது டீச்சர். இப்பத்தான் ரெண்டாவதுலயே அந்தத் தெம்பு எனக்கும் வருதுங்குறாங்க. அதையும் வேணாங்குறீங்க.”

 தையல்நாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

வெளியே இவ்வளவு என்றால் வீட்டுக்குள் கேட்கவே வேண்டாம். பஞ்சநதம் டாக்டரிடம் வரவே மறுத்துவிட்டார். மூன்று சுற்று நடக்கிறவனுக்கு என்ன கேடு என்றார். செத்துப்போன இருபத்தாறு பேரின் பெயர்களைப் படித்துக் காட்டினாள். ஒவ்வொருவருக்கும் அவரிடம் ஒரு காரணம் இருந்தது, ஒருவன் குடிகாரன், ஒருவன் கோபக்காரன், ஒருவனுக்குப் பரம்பரை. அழுது பார்த்தாள். “என்னைச் சீக்காளியாக்கிப் பாக்கணும்னு உனக்கு என்ன ஆசை?” என்று கேட்டுவிட்டு நடக்கக் கிளம்பிவிட்டார். அவர் வாசல் தாண்டிப் போய்த் திரும்பி வருகிற அந்த முக்கால் மணி நேரமும் அவள் தெருவைப் பார்த்தபடியே நின்றாள்.

பழைய சாதாத் தூளை வாங்கிக் கலந்து கொடுத்தாள். ஒரு வாய் வைத்ததும் டம்ளரைத் தள்ளிவிட்டார். கலந்து முடிக்கும்வரை அடுக்களை நிலைப்படியில் நின்றுகொண்டிருப்பது அவர் வழக்கம், ஆளை ஏமாற்றுவதும் சுலபமில்லை. யோசித்து யோசித்து அவளுக்குக் கடைசியில் தோன்றியது ஒன்றுதான். வீட்டில் வீரியம் கூட்டாத பழைய தெம்புத் தூள் இரண்டு பாக்கெட் இருந்தது. அவருக்கு இரண்டாம் டிகாஷனைக் கொடுப்பது. பெல் பாதியாவது அடிக்கட்டும். வலி ஒருமுறை வந்துவிட்டால் மனிதர் தானாக டாக்டரிடம் ஓடுவார். புதுத் தூள் வந்துவிட்டால் இதுவும் நடக்காது.

அவர் எழுந்து வருவதற்குமுன் சிக்கரியைத் தனியாகக் காய்ச்சி இரண்டாம் டிகாஷனில் ஊற்றினாள். நிறம் கறுத்தது, கசப்பும் கூடியது. வாசத்துக்கு முதல் டிகாஷனில் ஒரு சொட்டு. அவர் குடித்துவிட்டு, “இன்னைக்கு நல்லா கெட்டியா இருக்கு” என்றார். கணவன் நெஞ்சு வலிக்க வேண்டும் என்று சாமியிடம் வேண்டிக்கொண்ட பெண் ஊரில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதல் டிகாஷன் மிச்சம் இருந்தது. பித்தளை ஃபில்டரின் அடிப்பாத்திரத்தில் கறுப்பாக, மணமாக, நுரை கட்டி நின்றது. கொட்டப் போனால் நிலைப்படியில் நிற்பவர் ஏன் என்று கேட்பார். அவர் கேட்காவிட்டாலும் நல்ல டிகாஷனைத் தொட்டியில் ஊற்றுகிற கை அவளுக்கு இல்லை. வீட்டில் மிச்சம் விழுந்தது எதுவாக இருந்தாலும் அது அவளுக்கு என்பது முப்பது வருடத்துப் பழக்கம். பாலை ஊற்றித் தனக்குக் கலந்துகொண்டாள். நாலைந்து நாள்தானே என்று நினைத்தாள். நன்றாக இருந்தது. மறுநாளும் நன்றாக இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து அதைப் பற்றி யோசிக்கவே இல்லை, யோசிப்பதற்கு அவர் ஒருவர் போதும்.

பதினோராம் நாள், புதுத் தூள் ஊருக்குள் வந்து நாலாம் நாள், குளக்கரையில் இரண்டாம் சுற்றில் பஞ்சநதம் உட்கார்ந்தார். வியர்த்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, படிக்கட்டில் சரிந்தார். யாரோ ஆட்டோவில் ஏற்றினார்கள். நஸ்ரின் ஊசி போட்டுத் தஞ்சாவூருக்கு அனுப்பினார். அங்கே பெரிய ஆஸ்பத்திரியில் இரண்டு அடைப்பு என்று கண்டுபிடித்துக் குழாய் வைத்தார்கள். வலி வந்தது உங்கள் நல்ல நேரம், இன்னும் ஒரு வாரம் இப்படியே போயிருந்தால் ஆள் இருந்திருக்க மாட்டார் என்று அங்கிருந்த டாக்டர் சொன்னபோது, தையல்நாயகி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் அழுததே இல்லை.

நாலாம் நாள் பஞ்சநதம் எழுந்து உட்கார்ந்து ரசம் சாதம் கேட்டார். லிஃப்ட் வேலை செய்யவில்லை. கீழே கேன்டீனில் வாங்கிக்கொண்டு, ஒரு கையில் ஃபிளாஸ்க், ஒரு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் துணிப்பை என்று மூன்றாம் மாடிக்கு ஏறினாள். ஏறி முடித்தபோது போன் அடித்தது. ஜெயசீலன். சார் எப்படி இருக்கிறார் என்று விசாரித்துவிட்டு, குரலில் மகிழ்ச்சியை அடக்க முடியாமல் சொன்னார்.

“மேடம், புதுத் தூள் வந்து ஒரு வாரம்தான். பொம்பளைங்க கணக்குல வலி பாதியா குறைஞ்சிருக்கு. இந்த வேகத்துல போனா அடுத்த மாசம் உங்க ஊர்ல யாருக்குமே வலி இருக்காது.”

“சார், நான் அனுப்பின அந்தப் பட்டியல்...”

பரிசீலனையில் இருக்கிறது என்றார். போனை வைத்தபிறகு தையல்நாயகி மேல்படியிலேயே நின்றாள். செண்பகவல்லியின் முகம் நினைவுக்கு வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று, மெதுவாக, வேண்டாத விருந்தாளியைப்போல வந்து நின்றது. மூன்று மாடி ஏறியிருக்கிறாள். தோளில் பை இருக்கிறது. எங்கேயும் நிற்கவில்லை, பையைத் தோள் மாற்றவில்லை. கடைசியாக அந்தப் பிடிப்பு வந்தது எப்போது?

இங்கே வந்த நாலு நாளில் இல்லை. அதற்கு முந்தைய வாரம்கூட இல்லை. பதினைந்து நாளாகக் கேன்டீனிலும் வீட்டிலுமாக அவள் காபி குடித்துக்கொண்டே இருக்கிறாள். இந்த வருடம் கம்பெனி தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கும் தூள் கொடுக்கத் தொடங்கியிருந்தது, கேன்டீனிலும் தெம்புதான் என்று வாசலிலேயே பலகை தொங்குகிறது. வீட்டில் குடித்தது இன்னும் மோசம். இருபத்தாறு பேர் குடித்த அதே முதல் டிகாஷன்.

ரசம் சாதத்தைக் கணவரிடம் கொடுத்துவிட்டு, கீழே ஒரு வேலை இருக்கிறது என்று சொல்லி இறங்கினாள். ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். புறநோயாளிகள் கவுன்டரில் கூட்டம் இல்லை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த இளம்பெண் பெயர், வயது, ஊர் கேட்டுத் தட்டினாள். பிறகு திரையைப் பார்த்துப் படித்தாள்.

“நெஞ்சுப் பகுதியில் வலியோ இறுக்கமோ உண்டா?”

வார்த்தைக்கு வார்த்தை அவள் எழுதியதுதான், தூளோடு கேள்வியையும் கம்பெனி இங்கே கொடுத்திருக்கிறது. சுருக்கமாக, யாருக்கும் புரிகிற மாதிரி.

“இல்ல.”

“மூச்சு வாங்குதா? படபடப்பு? தலைசுத்தல்?”

“எதுவுமே இல்லம்மா. முன்ன இருந்துச்சு. இப்ப இல்ல. அதுக்குத்தான் வந்திருக்கேன்.”

அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். கேலி இல்லை, பரிவுதான் இருந்தது. மேலே வீட்டுக்காரர் படுத்திருப்பதால் அம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது என்று நினைத்திருப்பாள். எல்லாவற்றுக்கும் இல்லை என்று அழுத்தினால் டோக்கன் விழாது, இருக்கு என்று சும்மா போட்டால் டாக்டர் தன்னைத் திட்டுவார், நாளைக்கு ஊருக்குப் போய் உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள் என்று எடுத்துச் சொன்னாள். அவள் மேஜையில் ஒரு காகிதக் கோப்பையில் காபி ஆவி பறந்துகொண்டிருந்தது.

“நல்லாத்தான் இருக்கீங்க. தைரியமா இருங்க. வலி வந்தா வாங்கம்மா” என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

தையல்நாயகி எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கையை இடது தோள்பட்டைக்குக் கீழே வைத்து, முதலில் மெதுவாகவும் பிறகு பலமாகவும் அழுத்திப் பார்த்தாள். உடம்பு நன்றாக இருந்தது. இருபது வயதில் இருந்த மாதிரி, எங்கேயும் ஒரு வலியும் இல்லாமல் நன்றாக இருந்தது.